புண் ஆறும் வழி

நுழையும்முன்

ஓடி விளையாடும் பிள்ளைகளுக்குக் காயம் படுவது இயல்பு. பட்ட காயம் தடம் தெரியாமல் ஆறுவதும், சீழ்ப்பிடித்து நாள்கணக்கில் துன்பம் தருவதும் தொடக்கத்தில் நாம் செய்யும் கவனிப்பைப் பெரிதும் பொறுத்தவை. சிறு காயங்களை எவ்வாறு கவனிக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பனவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

மறைத்த காயம்

டெல்லியில் அது டிசம்பர் மாதம். திங்கட்கிழமை காலை, பனிமூட்டம் விலகியதும் பள்ளித் திடலில் கால்பந்துப் பயிற்சி தொடங்கியது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பந்தைத் துரத்தி ஓடுகையில் கால் இடறி, திடலின் ஓரத்துச் சரளைக் கற்களின்மேல் விழுந்தான். வலது முழங்காலில் தோல் சிராய்ந்து குருதி கசிந்தது.

வெள்ளிக்கிழமை போட்டி நடக்கவிருந்தது. காயத்தைக் காட்டினால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அவன் அஞ்சினான். கைக்குட்டையை முழங்காலில் சுற்றிக் கட்டினான். கால்சட்டையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டான். வீட்டிலும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கைக்குட்டை காயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிய்த்தெடுத்தான். மீண்டும் குருதி வந்தது. அதே கைக்குட்டையைத் திருப்பிக் கட்டினான். புதன்கிழமை மாலை முழங்கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது.

“ஏன் தம்பி நொண்டுகிறாய்?” என்று பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்கா கேட்டாள்.

“ஒன்றுமில்லை அக்கா.”

“ஒன்றுமில்லை என்றால் காட்டு.”

அவன் தயங்கித் தயங்கிக் கால்சட்டையை மடித்தான். அம்மா பதறிப்போனார். திருநெல்வேலியிலிருந்த ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்தார். “காப்பித்தூளை வைத்து அமுக்கு. மஞ்சளைக் குழைத்துப் பூசு. உன் வீட்டுக்காரருக்கு நான் அப்படித்தானே செய்தேன்” என்றார் ஆச்சி. அம்மா அடுக்களையை நோக்கி நடந்தபோது அக்கா தடுத்தாள். “காயத்துக்குள் கறுப்பாக ஏதோ தெரிகிறது அம்மா. மருத்துவரிடம் காட்டிவிடுவோம்” என்றாள்.

மருத்துவர் காயத்தை நீரால் நன்கு கழுவினார். கடுகளவே இருந்த இரண்டு கற்களை இடுக்கியால் எடுத்தார். பின்னர், “தடுப்பூசி அட்டை இருக்கிறதா?” என்று கேட்டார். அம்மா வீட்டுக்குச் சென்று அட்டையைத் தேடி எடுத்து வந்தார். ஐந்து வயதில் போட்ட ஊசிவரை எல்லாம் பதிவாகியிருந்தன. பத்து வயதுக்கு உரிய கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த ஆண்டில்தான் அப்பாவுக்கு இடமாற்றம் வந்தது. பழைய ஊரில் போடுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். புதிய ஊரில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மருத்துவர் விடுபட்ட ஊசியை அன்றே போட்டார்.

கட்டுக் கட்டி முடித்தபின் அவர் சிறுவனிடம் ஒன்றைக் கூறினார். காயத்தை மூட வேண்டும். ஆனால் மறைக்கக் கூடாது என்பதே அது. மூடினால் புண் ஆறும். மறைத்தால் புண் வளரும்.

காயத்தின் வகைகள்

தோல் உரசித் தேய்வது சிராய்ப்பு. முள்ளோ நகமோ கோடுபோல் கிழிப்பது கீறல். கத்தி, கண்ணாடி போன்ற கூரிய பொருளால் ஏற்படுவது வெட்டுக்காயம். ஆணி, ஊசி முதலியவை உள்ளே இறங்குவது குத்துக்காயம். தோல் கிழியாமல் அடிபட்ட இடம் நீலம் பாரிப்பது கன்றிப்போதல். இவற்றுள் சிராய்ப்பு பார்ப்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் ஆழம் குறைந்தது. குத்துக்காயம் வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் ஆழமானது. அதன் உட்புறத்தைக் கழுவுவதும் கடினம். ஆகவே, காயத்தின் அளவை மட்டும் பார்த்து அதன் தீமையை அளவிடக் கூடாது.

உடல் செய்யும் வேலை

புண்ணை ஆற்றுவது மருந்தன்று, உடலே ஆகும். அந்த வேலை காயம் பட்ட நொடியிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில், அறுபட்ட குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதியிலுள்ள தட்டணுக்கள் அங்கு வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நுண்ணிய நார்கள் வலைபோல் பின்னிக் குருதியை உறையச் செய்கின்றன.

அடுத்து, வெள்ளணுக்கள் அங்குத் திரண்டு, உள்ளே புகுந்த கிருமிகளையும் இறந்த உயிரணுக்களையும் அகற்றுகின்றன. முதல் சில நாள்களில் காயத்தைச் சுற்றிச் சிறிது சிவப்பும் வீக்கமும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பின்னர்ப் புதிய திசு வளர்கிறது. புதிய குருதிக் குழாய்கள் முளைக்கின்றன. கொலாஜன் என்னும் புரதம் அடித்தளமாக அமைகிறது. ஓரங்களிலிருந்து புதிய தோல் உயிரணுக்கள் நடுவை நோக்கி நகர்ந்து காயத்தை மூடுகின்றன.

இறுதியாக, மூடிய இடம் உறுதி பெறுகிறது. இவ்வேலை பல மாதங்கள் நடைபெறும். ஆழமான காயம் ஆறிய பின்னும், தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் பெறுவதில்லை.

நாம் செய்ய வேண்டியது இந்த வேலைக்குத் தடையாக இருப்பவற்றை நீக்குவதே. அழுக்கு ஒரு தடை. கிருமி ஒரு தடை. காய்ந்து வெடிப்பதும், அடிக்கடி பிய்த்தெடுப்பதும் தடைகளே.

சிறு காயத்துக்கு முதலுதவி

1. காயத்தைத் தொடுவதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. பிறருடைய காயமானால், குருதி நம் கையில் படாதவாறு கையுறையோ தூய நெகிழிப் பையோ அணிக.

2. தூய துணியால் காயத்தின்மீது அழுத்திப் பிடிக்க. 5 முதல் 10 நிமிடங்கள் வரை கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையிடையே திறந்து பார்த்தால் உறைந்த குருதி பெயர்ந்துவிடும். அடிபட்ட கையையோ காலையோ சற்று உயர்த்தி வைப்பதும் உதவும்.

3. குருதி நின்றதும், ஓடும் குழாய்நீரில் காயத்தைக் கழுவுக. குடிப்பதற்கு ஏற்ற தூய நீரே போதுமானது. சுற்றியுள்ள தோலைச் சோப்பிட்டுக் கழுவலாம். உள்ளே மண்ணோ கல்லோ தெரிந்தால், ஸ்பிரிட்டால் துடைத்த இடுக்கியைக் கொண்டு எடுக்கலாம். ஆழமாகப் பதிந்தவற்றை நோண்டக் கூடாது. மருத்துவரே எடுக்க வேண்டும்.

4. காயத்தின்மீது பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவுக. புண் காயாமலும், கட்டுத்துணி ஒட்டாமலும் அது காக்கும்.

5. பிளாஸ்திரியாலோ தூய காஸ் துணியாலோ மூடுக. கட்டு விரலையோ மூட்டையோ இறுக்கக் கூடாது. விரல் மரத்துப்போனாலும் நீலம் பாரித்தாலும் கட்டைத் தளர்த்த வேண்டும்.

6. நாள்தோறும் ஒருமுறை கட்டை மாற்றுக. நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்றுக. ஒட்டிக்கொண்டிருந்தால் நீரால் நனைத்து மெல்ல எடுக்க வேண்டும். பிய்த்து இழுக்கக் கூடாது.

உலரவிடுவதா, மூடிவைப்பதா?

“காற்றாட விடு, காய்ந்து பொருக்குத் தட்டினால் ஆறிவிடும்” என்று பலர் கூறுவர். நெடுங்காலம் மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினர். 1962-ஆம் ஆண்டு ஜார்ஜ் விண்டர் என்னும் ஆய்வாளர் இதனைச் சோதித்தார். பன்றியின் தோலில் ஏற்படுத்திய ஆழமற்ற காயங்களுள் சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார். சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடப்பட்டு ஈரப்பதத்தோடு இருந்த காயங்களில் புதிய தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் பரவியது.

காரணம் எளியது. ஈரமான பரப்பில் தோல் உயிரணுக்கள் தடையின்றி நகர்கின்றன. பொருக்குத் தட்டிய இடத்தில் அவை பொருக்கின் அடியில் வழி தேடிச் செல்ல வேண்டும். வட இந்தியக் குளிர்காலத்தில் காற்று மிகவும் உலர்ந்திருக்கும். அப்போது பொருக்கு வெடித்துப் புண் மீண்டும் திறந்துகொள்வது எளிது. ஆகையால், இங்கு வாழும் பிள்ளைகள் இதனை நன்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஈரம் என்பது ஈரப்பதமே. நனைந்து ஊறிப்போன அழுக்குக் கட்டு அன்று.

வீட்டு வழக்கங்கள்

காயம் பட்டவுடன் அதன்மீது ஏதேனும் ஒன்றை அப்புவது நம் வீடுகளில் நீண்ட நாள் வழக்கம். சிற்றூர்களில் வெட்டுக்காயப் பூண்டின் இலையைக் கசக்கி வைப்பர். வீடுகளில் மஞ்சளும் காப்பித்தூளும் பயன்படும். மருந்துக் கடை தொலைவில் இருந்த காலத்தில் முன்னோர் கையிலிருந்ததைக் கொண்டு தம் பிள்ளைகளைக் காத்தனர். அந்த அன்பை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. இலையை வைத்து அழுத்தியபோது, அந்த அழுத்தமும் குருதியை நிறுத்த உதவியிருக்கும்.

ஆயினும், தரையோரத்தில் வளரும் இலையில் மண் இருக்கும். டப்பாவிலுள்ள தூள் சமையலுக்கு உரியது. புண்ணில் இடுவதற்காகக் கிருமி நீக்கப்பட்டதன்று. மேலும், தூள் காயத்தில் ஒட்டிக்கொண்டால் உள்ளே கல் இருப்பதோ சீழ் வைத்திருப்பதோ கண்ணுக்குத் தெரியாது. இச்சிறுவனின் முழங்காலில் காப்பித்தூளை அப்பியிருந்தால், அந்த இரண்டு கற்களும் யார் கண்ணிலும் பட்டிரா.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றைத் திறந்த புண்ணில் ஊற்றுவதும் நன்றன்று. அவை கிருமிகளோடு, புதிதாக முளைக்கும் உயிரணுக்களையும் அழிக்கும். எரிச்சல் மிகுதியானால் மருந்து நன்கு வேலை செய்கிறது என்பது தவறான எண்ணம். சிறு தீக்காயத்தில் பற்பசை தடவுவதும் இத்தகையதே. தீக்காயத்தை 20 நிமிடங்கள் ஓடும் நீரில் குளிர்விப்பதே முதலுதவி. பனிக்கட்டி வைக்கக் கூடாது.

புண் ஆறும்வரை பத்தியம் என்று முட்டை, மீன் முதலியவற்றை விலக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. உண்மையில், புதிய திசு உருவாகப் புரதம் தேவை. கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. ஆகவே முட்டை, பருப்பு, பால், நெல்லிக்காய், கொய்யா ஆகியவை புண் ஆறும் காலத்துக்கு ஏற்ற உணவுகள்.

மருத்துவ வரலாற்றில் காயம்

பழந்தமிழர் காயங்களை ஊசியால் தைத்தனர் என்பதற்குப் பதிற்றுப்பத்து சான்று தருகிறது. மீனைப் பிடிக்கக் குளத்தில் மூழ்கி மேலெழும் சிரல் பறவையைப்போல, நீண்ட ஊசி புண்ணில் புகுந்து வெளிவருவதாகப் புலவர் பரணர் உவமை கூறுகிறார். சிரல் என்பது மீன்கொத்தி. தைப்பவரின் கை விரைவை அருகிலிருந்து பார்த்தவர்க்கே இவ்வுவமை தோன்றும்.

ஆயினும், காயத்தைச் சீழ்ப்பிடிக்கச் செய்வது கண்ணுக்குத் தெரியாத கிருமி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. 1865-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்குப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறியதால் அவனது இடது கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அக்காலத்தில் இத்தகைய காயங்கள் அழுகி, காலையே வெட்ட நேர்வதும் உயிர் போவதும் மிகுதி. ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், காயத்தில் கார்பாலிக் அமிலத்தைத் தடவி, அதில் நனைத்த துணியால் கட்டினார். காயம் அழுகவில்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடிற்று. தம் முறையின் முடிவுகளை லிஸ்டர் 1867-ஆம் ஆண்டு வெளியிட்டார். கார்பாலிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும் என்பதால் இன்று அதைக் காயத்தில் இடுவதில்லை. ஆனால், காயத்தினின்று கிருமியை விலக்க வேண்டும் என்னும் அவருடைய கொள்கை நிலைத்துவிட்டது.

ரணஜன்னியும் தடுப்பூசியும்

டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னி காயத்தின் வழியே வரும் கொடிய நோய். இதனை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணிலும் புழுதியிலும் கால்நடைச் சாணத்திலும் உள்ளன. துருப்பிடித்த ஆணியால் இந்நோய் வரும் என்பர். துரு இதற்குக் காரணமன்று. ஆணியில் ஒட்டிய மண்ணும், அது ஏற்படுத்தும் ஆழமான காயமுமே காரணம். காற்றுப்புகாத ஆழத்தில் இந்தப் பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கிறது. தாடை இறுகும், தசைகள் விறைக்கும், மூச்சும் தடைப்படும்.

இதனைத் தடுப்பூசியால் தடுக்க முடியும். நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14-ஆம் வாரங்களிலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 முதல் 6 வயதுக்குள்ளும் இந்த ஊசி போடப்படுகிறது. மீண்டும் 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டும். கைக்குழந்தைகளின் உடலில் தாய்வழி வரும் பாதுகாப்புக்காகக் கருவுற்ற பெண்களுக்கும் போடப்படுகிறது. இத்தகைய முயற்சிகளால் தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதென 2015-ஆம் ஆண்டு உறுதி செய்யப்பட்டது. ஆயினும், மண்ணிலுள்ள வித்துகளை ஒழிக்க இயலாது. ஆதலால் ஒவ்வொருவரும் ஊசி போட்டுக்கொள்வதே காப்பு.

பெற்றோரின் பணி காரணமாக ஊர்விட்டு ஊர் மாறும் பிள்ளைகள் தம் தடுப்பூசி அட்டையையும் பள்ளி மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

• பத்து நிமிடங்கள் அழுத்தியும் குருதி நிற்காதபோது
• காயம் ஆழமாக இருந்து வாய் பிளந்திருக்கும்போது
• ஆணி, கண்ணாடித் துண்டு போன்றவை குத்தியபோது
• காயத்தின் அருகே உணர்ச்சி குன்றியபோது, விரலை அசைக்க முடியாதபோது
• சிவப்பும் வீக்கமும் நாளுக்கு நாள் பரவும்போது, சீழோ கெட்ட நாற்றமோ காய்ச்சலோ தோன்றும்போது
• நாய், பூனை, குரங்கு முதலியவை கடித்தபோது அல்லது பிறாண்டியபோது

விலங்கு கடித்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. தோன்றுமுன் போடும் ஊசியே உயிர் காக்கும். வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இருந்தால், அவர்களின் காலில் படும் சிறு காயத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆறிய புண்

வெள்ளிக்கிழமைப் போட்டியில் அச்சிறுவன் ஆடவில்லை. திடலின் ஓரத்தில் அமர்ந்து நண்பர்களுக்காகக் கைதட்டினான். திங்கட்கிழமையே காயத்தைக் கழுவிக் கட்டியிருந்தால் ஒருவேளை ஆடியிருக்கலாம் என்னும் எண்ணம் அவனுக்கு வந்துகொண்டே இருந்தது. நாள்தோறும் மாலையில் அக்கா கட்டை மாற்றினாள். மூன்றாம் வாரம் முழங்காலில் இளஞ்சிவப்பான புதுத் தோல் படர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஆச்சி கேட்டார்: “புண் ஆறிவிட்டதா ராசா?”

“ஆறிவிட்டது ஆச்சி.”

“மஞ்சள் போட்டீர்களா?”

“இல்லை ஆச்சி. தண்ணீரில் கழுவிக் கட்டினோம்.”

ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எதைப் போட்டால் என்ன, ஆறினால் சரி. அடுத்த முறை விழுந்தால் முதலில் அம்மாவிடம் சொல்” என்றார்.

சொல் அறிவோம்

தமிழில் ஆறுதல் என்னும் சொல்லுக்குப் பொருள் பல. சுடுசோறு ஆறும், சினம் ஆறும், புண் ஆறும். துயருற்றவருக்குக் கூறும் இன்சொல்லும் ஆறுதலே. வெம்மை தணிதல் என்பது இவை அனைத்துக்கும் அடிப்படை.

சிராய்ப்பு – தோல் உரசியதால் ஆன காயம்
பொருக்கு – புண்ணின்மேல் காய்ந்து படியும் ஏடு
சீழ் – கிருமித் தொற்றால் புண்ணில் சேரும் கெட்ட நீர்
வடு, தழும்பு – புண் ஆறியபின் நிற்கும் அடையாளம்
விழுப்புண் – போரில் மார்பிலும் முகத்திலும் பட்ட புண்
சிரல் – மீன்கொத்திப் பறவை

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. குருதி நிற்கும்வரை காயத்தைத் தூய துணியால் ________ பிடிக்க வேண்டும்.
2. ஊசிக்குச் சிரல் பறவையை உவமை கூறும் நூல் ________.
3. ரணஜன்னித் தடுப்பூசியைப் பத்து வயதிலும் ________ வயதிலும் போட வேண்டும்.

ஆ. சரியா, தவறா எனக் கூறித் தவறானவற்றைத் திருத்தி எழுதுக.
1. ஆணியிலுள்ள துருவே ரணஜன்னிக்குக் காரணம்.
2. ஈரப்பதத்தோடு மூடிய காயத்தில் புதிய தோல் விரைவாகப் பரவும்.
3. தீக்காயத்தின்மீது பனிக்கட்டி வைக்க வேண்டும்.

இ. சுருக்கமாக விடை எழுதுக.
1. குருதி கசியும்போது காயத்தை இடையிடையே திறந்து பார்க்கக் கூடாது. ஏன்?
2. காயத்தில் தூளை அப்புவதால் வரும் தீமைகள் யாவை?
3. காயத்தை மூடுவதற்கும் மறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

ஈ. ‘ஆறு’ என்னும் சொல்லை எண், நீரோடை, தணிதல் ஆகிய பொருள்களில் அமைத்து மூன்று தொடர்கள் எழுதுக.

உ. செயல்பாடு
உன் தடுப்பூசி அட்டையைப் பெற்றோருடன் சேர்ந்து பார். விடுபட்ட ஊசி இருப்பின் குறித்துக்கொள். ஊரிலிருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அவர்கள் காலத்தில் காயத்தை எவ்வாறு கவனித்தார்கள் என்று கேட்டு, பத்து வரிகளில் தமிழில் எழுதி வருக.